தத்தன் இல்லாத அரண்மனை



மெய்ப்பொருள் நாயனார் குருபூசை கார்த்திகைத் திங்கள் உத்திர நாளில் நிகழ்வது. திருக்கோவலூர் வேந்தராகிய அப்பெருமானின் வரலாற்றைச் சொல்லி முடித்ததும் அவையில் ஒரு வினா எழுவது வழக்கம். பொய் வேடம் பூண்டு வந்த முத்தநாதனையும் அடியார் என்றே கொண்டு, தம் உயிரைக் கொடுத்து அவன் உயிரையும் காத்தார் நாயனார். அங்ஙனமாயின், திருநீறு பூசி வருவோர் எவராயினும் நம்பி வாயிலைத் திறந்துவிடல் வேண்டுமா? திறந்துவிட்டால் குடும்பம் என்னாகும்? நாடு என்னாகும்? திருவள்ளுவர் சிற்றினஞ்சேராமை என்றும், தெரிந்து தெளிதல் என்றும், கூடா நட்பு என்றும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்து எச்சரித்தது வீண்தானா?

வினா நியாயமானதே. இதனை எழுப்புவோரை ஐயுறவாளர் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. விடை கூறுதலே கடமை. விடை சேக்கிழார் பெருமான் பாடிய வரலாற்றினுள்ளேயே இருக்கின்றது. ஆயினும் பழகிய கதையாதலின் அது நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அவ்விடை இல்லாத வேறோர் அரண்மனையில் நிகழ்ந்ததைக் கண்டு மீண்டால் அது தானே விளங்கும். அதன்பொருட்டு ஈண்டு ருஷ்ய நாட்டின் கடைசிச் சக்கரவர்த்தினியாகிய அலெக்சாந்திராவின் வரலாற்றை எடுத்துக்கொள்கின்றோம். தெய்வ மனிதன் என்று தாம் நம்பி நட்புப் பூண்ட ஒருவனால் நற்பெயரை இழந்து, தம் குடிக்கும் நாட்டுக்கும் இடையே மீட்க முடியாத பழியைத் தேடிக்கொண்டவர் அவர்.

அவர் தீயவர் அல்லர். இதனை முதலிலேயே சொல்லிவிடல் வேண்டும். 1872-ஆம் ஆண்டில் ஜெர்மானிய நாட்டில் ஹெஸ்ஸே என்னும் சிற்றரசின் தலைநகராகிய டார்ம்ஸ்டாட்டில் பிறந்தார். இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணியாருக்கு மகள் வயிற்றுப் பேத்தி. ஆறு வயதில் தாயை இழந்தவர். பாட்டியாரின் பார்வையில் வளர்ந்தவர். ருஷ்ய இளவரசர் நிக்கொலாசை உளமார விரும்பியும், அவரை மணக்கத் தம் சமயத்தை விட்டு ருஷ்யத் திருச்சபையிற் சேர வேண்டுமே என்று நெடுநாள் தயங்கினார். சேர்ந்த பின்னரோ, அச்சமயத்திலேயே பிறந்து வளர்ந்தவரினும் ஆழ்ந்த பற்றுடையவரானார். சமயம் அவருக்கு உடுத்துக் களையும் ஆடையாக இருந்ததில்லை.

1894-ஆம் ஆண்டு நவம்பரில் மாமனாராகிய சக்கரவர்த்தி மறைந்தார். ஒரு மாதம் நிறைவதற்கு முன்னரே திருமணம் நடந்தது. இழவு வீட்டில் அடியெடுத்து வைத்த மணமகளை மக்கள் மகிழ்வோடு நோக்கினாரில்லை. அவர்தம் இயல்பான கூச்சமும் இறுமாப்பாகவே கருதப்பட்டது. 1896-ல் முடிசூட்டு விழாவின்போது மாஸ்கோ நகரையடுத்த கோதின்கா வெளியில் அரசப் பரிசில் பெறத் திரண்ட கூட்டத்தில் நெரிசலுண்டாகி 1,300-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்றிரவே அரசரும் அரசியாரும் பிரெஞ்சுத் தூதர் அளித்த நடன விருந்துக்குச் சென்றனர். சிறிய தந்தையர் வற்புறுத்தியதால் சென்றனர் எனினும் சென்றது சென்றதே. குடிகள் அதனை மறக்கவில்லை.

அடுத்தடுத்து நான்கு பெண் மக்கள் பிறந்தனர். ஆண் வாரிசு உள்ளளவும் பெண்ணுக்கு அரியணை இல்லை என்பது அந்நாட்டுச் சட்டம். ஆண் மகவு வேண்டி அரசியார் செய்யாத வழிபாடில்லை. நம் பெண்டிர் அரச மரத்தைச் சுற்றிவரும் ஏக்கம் எத்தகையதோ அத்தகையதே அவ்வேக்கமும். அந்நிலையில் பிலிப் என்னும் பிரெஞ்சு மாயச் சிகிச்சையாளர் ஒருவர் அரண்மனைக்கு அறிமுகமானார். மகன் பிறப்பான் என்றார். 1902-ல் அரசியார் கருவுற்றதாக நாடெங்கும் நம்பியிருக்க, அது பொய்க் கருவெனத் தெரிந்து பெருத்த நகைப்புக்கு இடமாயிற்று. பிலிப் தம் நாடு திரும்பினார். அனுபவம் ஒரு பாடம் கற்பித்திருத்தல் வேண்டும். ஆனால் ஏக்கம் உள்ள நெஞ்சு ஏமாற்றத்தினின்று பாடம் கற்பது அரிது. அஃது அடுத்த நம்பிக்கையையே தேடும்.

1904-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அலெக்ஸி பிறந்தான். ஆறு வாரங்கள் ஆவதற்குள் குழந்தையின் கொப்பூழிலிருந்து குருதி கசிந்து நிற்கவில்லை. ஹீமோபிலியா என்னும் குருதி உறையா நோய் அது. தாய் வழியே வந்து மகனை வருத்துவது. பெண் மக்கள் பெரும்பாலும் நோயின்றி அதனைச் சுமப்பர். அவர்கள் பெறும் ஆண் மக்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது வரக்கூடும். விக்டோரியா மகாராணியாரின் பெண்கள் வழியாக ஐரோப்பிய அரச குடும்பங்கள் சிலவற்றுள் அது புகுந்தது. பின்னாளில் கண்டெடுத்த எலும்புகளை 2009-ல் மரபணு முறையால் ஆராய்ந்த அறிஞர்கள், அலெக்ஸிக்கு இருந்தது ஹீமோபிலியா பி என்னும் வகையே என உறுதி செய்தனர்.

இந்நோய் அரசியாருக்குப் புதிதன்று. அவருடைய தமையன் ஒருவன் சிறு பிள்ளையாய் இருக்கையில் வீழ்ந்து குருதி நில்லாது இறந்தான். தாய்மாமன் லியோபோல்டும் அந்நோயாலேயே மாண்டார். உடன்பிறந்தாள் ஐரீனின் இளைய மகன் ஹைன்றிக், அலெக்ஸி பிறந்த அதே 1904-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் அந்நோய்க்கு இரையானான். ஆதலின் கொப்பூழில் குருதியைக் கண்ட கணமே அத்தாய்க்கு யாவும் விளங்கியிருக்கும். வேண்டிப் பெற்ற மகனுக்குத் தன் குருதியே நஞ்சானது என்னும் நினைவைவிடக் கொடிய தண்டனை ஒரு தாய்க்கு உண்டோ? அக்காலத்து மருத்துவரிடம் இதற்கு மருந்தில்லை. ஓடி விளையாடும் பருவத்துச் சிறுவன் முழங்கால் சிறிது இடறினும் மூட்டினுள் குருதி தேங்கி, வீங்கி, பல நாள் இரவும் பகலும் கதறுவான். தாய் அருகிருந்து கேட்டுக்கொண்டிருப்பதன்றிச் செய்யத்தக்கது ஒன்றுமில்லை.

இந்நோயை அரச குடும்பம் நாட்டுக்கு மறைத்தது. பட்டத்துக்குரிய பிள்ளை நெடுநாள் வாழான் என்று தெரிந்தால் அரசே ஆட்டங்காணும் என்று அஞ்சினர். மறைத்தமையால் வந்த கேட்டினைப் பின்னர்க் காண்போம்.

இந்நிலையில்தான் ரஸ்புடீன் வந்தான். சைபீரியாவில் பொக்ரோவ்ஸ்கோயே என்னும் சிற்றூரில் 1869-ல் பிறந்த குடியானவன். மனைவி மக்கள் உடையவன். பலர் எண்ணுவதுபோல் அவன் துறவியும் அல்லன். குருமார் வரிசையிற் சேர்ந்தவனும் அல்லன். ஊர் ஊராய், மடம் மடமாய்த் திரிந்து, வேத மொழிகளைத் தன் போக்கிற் பேசக் கற்றவன். அந்நாட்டில் இத்தகைய யாத்திரிகரைப் போற்றும் மரபு பழைமையானது. நம் நாட்டில் பரதேசிகளையும் ஆண்டிகளையும் அழைத்து அமுதளிப்பது போன்றது அது. அம்மரபில் மெய்யான ஞானியரும் பலர் தோன்றியுள்ளனர். ஆதலின் அதனை இகழ்தல் நம் கருத்தன்று. தலைநகரில் அவனை உயர்ந்தோர் வீடுகளுக்கு அறிமுகப்படுத்தியவருள் ஒருவர் தியோபான் என்னும் கற்றறிந்த துறவியார். 1905-ஆம் ஆண்டு நவம்பரில் அரசரும் அரசியாரும் அவனை முதன்முதல் கண்டனர். கடவுளின் மனிதர் ஒருவரைச் சந்தித்ததாக அரசர் தம் நாட்குறிப்பில் எழுதினார்.

அவன் அருகில் வந்து பேசினால் குழந்தையின் துன்பம் தணிந்தது. இதற்குச் சான்று கூறினோருள் அவனை வெறுத்தோரும் உண்டு. மிகப் பெரிதாகப் பேசப்படுவது 1912-ஆம் ஆண்டு அக்டோபரில் போலந்து நாட்டு ஸ்பாலா வேட்டை மாளிகையில் நிகழ்ந்தது. எட்டு வயதுச் சிறுவனுக்குத் தொடையின் உட்புறத்தே குருதி பெருகிக் கட்டியது. மருத்துவர் கைவிட்டனர். இறுதிச் சமயச் சடங்கும் செய்தாயிற்று. இளவரசன் கவலைக்கிடமாக இருக்கிறான் என்று, நோயின் பெயரைச் சொல்லாமல், நாட்டுக்கு அறிக்கையும் வெளியாயிற்று. அப்போது தம் ஊரில் இருந்த ரஸ்புடீனுக்கு அரசியார் தந்தி கொடுக்கச் செய்தார். பிள்ளை இறவான், கடவுள் உம் கண்ணீரைக் கண்டார், மருத்துவர் அவனை மிகவும் தொந்தரவு செய்யாதிருக்கட்டும் என்னும் பொருளில் மறுமொழி வந்தது. ஓரிரு நாளில் குருதி நின்றது, பிள்ளை பிழைத்தான்.

எப்படி நின்றது? தாயின் நடுக்கம் நீங்கியது பிள்ளைக்கும் அமைதி தந்திருக்கலாம் என்பர் சிலர். கைவைத்துக் கைவைத்துப் பார்க்கும் மருத்துவரை விலக்கியதே உதவியிருக்கும் என்பர் வேறு சிலர். அருள் என்பாரும் உளர். நாம் இதில் தீர்ப்புக் கூறப் புகவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் மருத்துவரையும் அழைத்து, திருநீறும் இட்டு, கோயிலுக்கு முடிப்பும் கட்டுகின்ற நாம் அத்தாயை நகைக்க உரிமையுடையோம் அல்லோம். இந்த இடம்வரை அவர் செய்ததில் குற்றமில்லை.

குற்றம் இதற்கு அடுத்த படியில் தொடங்கியது.

ரஸ்புடீனுக்கு இரண்டு முகங்கள் இருந்தன. அரண்மனையில் அவன் பணிவும் பிரார்த்தனையும் உடைய எளிய குடியானவன். நகரில் குடியும் காமக் களியாட்டமும், சிபாரிசு வேண்டி வருவோரிடம் கைநீட்டுதலும் உடையவன். அவன் வாயிலில் நாள்தோறும் மக்கள் காத்திருந்தனர். அவன் கோணல் எழுத்தில் கிறுக்கிக் கொடுத்த சீட்டுகளை ஏந்திக்கொண்டு அமைச்சரகங்களில் நுழைந்தனர். காவல் துறையினர் அவன் வீட்டுக்கு வருவோர் போவோரையெல்லாம் குறித்து வைத்தனர். அக்குறிப்புகளில் மிகையும் கலந்திருக்கலாம். ஆயினும் யாவும் பொய்யென்று தள்ளத்தக்கவை அல்ல.

இவற்றைச் சொன்னவர்களுக்கு நேர்ந்ததைக் கேண்மின். அவனை அறிமுகப்படுத்திய தியோபான் துறவியாரே, அவனால் தீங்குற்ற பெண்களின் முறையீட்டைக் கேட்டு மனம் நொந்து, அரசியாரிடம் உண்மையைக் கூற முற்பட்டார், தலைநகரிலிருந்து மாற்றப்பட்டார். அரச குமாரிகளின் அறைக்குள் அவன் சென்று வருதல் தகாது என்று கூறிய செவிலியார் தியூச்செவா பணி இழந்தார். பிரதம மந்திரி ஸ்டொலிப்பின் 1911-ல் அவன் நடத்தை பற்றி அரசரிடம் அறிக்கை வைத்தார். அரசியாரின் வெறுப்பே அவருக்குக் கிடைத்த பயன். அதே ஆண்டில் அவர் கீவ் நகர நாடக அரங்கில் சுடப்பட்டு இறந்தது வேறு காரணத்தால். ஹெர்மோஜன் என்னும் ஆயர் அவனை நேருக்கு நேர் கடிந்தார். மடம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டார். 1915-ல் உள்நாட்டு அமைச்சின் துணைத் தலைவர் ஜுன்கோவ்ஸ்கி அவனைப் பற்றிய அறிக்கையை அரசரிடம் அளித்தார். சில வாரங்களில் அவரும் பதவி நீங்கினார்.

அரசியாரின் வாதம் எளியது. மெய்யடியார் எல்லாரும் உலகத்தாரால் பழிக்கப்பட்டவரே, இவரும் பழிக்கப்படுகின்றார், ஆதலின் இவர் மெய்யடியார். இவ்வாதத்தில் சிக்கிக்கொண்டோரை எவராலும் மீட்க முடியாது. கொண்டுவரும் குற்றச்சாட்டு ஒவ்வொன்றும் பெருமைக்குச் சான்றாய் மாறிவிடும். உண்மை பேசுவோர் ஒருவரும் மிஞ்சாதவரை இது நிற்காது.

இவர்களுள் ஒருவரைத் தனியே சொல்லுதல் வேண்டும். அரசியாரின் உடன்பிறந்த தமக்கையார் எலிசபெத் என்பவர் அரசரின் சிறிய தந்தை செர்கேயை மணந்தவர். 1905-ல் செர்கே வெடிகுண்டுக்கு இரையானார். கொலைஞனைச் சிறையிற் சென்று கண்டு மன்னிப்புரைத்த பெருந்தகை எலிசபெத். பின்னர்த் தம் அணிகலன்களை விற்று, மாஸ்கோவில் மார்த்தா மரியாள் பெயரால் ஒரு கன்னியர் மடம் நிறுவினார். ஏழைகளுக்கு மருத்துவமனையும் அங்கே நடந்தது. தாமும் வெண்ணிற ஆடை பூண்டு நோயாளரின் புண்ணைக் கழுவி வாழ்ந்தார். தவ வேடமும் அதற்கேற்ற வாழ்வும் ஒன்றுபட்டிருந்த ஒருவர் அரசியாருக்கு இரத்த உறவாகவே அமைந்திருந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். அவர் 1916-ஆம் ஆண்டு டிசம்பரில் மாஸ்கோவிலிருந்து வந்து, ரஸ்புடீனை நீக்குமாறு தங்கையிடம் மன்றாடினார். அரசியார் பேச்சை இடைமறித்து, தமக்கையாரை இரயில் நிலையத்துக்கு அனுப்பிவைத்தார். அதன்பின் அவ்விருவரும் சந்தித்ததில்லை.

இதற்கு முன்பே 1914-ல் முதல் உலகப் போர் மூண்டிருந்தது. போர் வேண்டாம் என்று ரஸ்புடீன் அரசரை வேண்டினான் என்பதையும், பின்னர்த் தலைநகருக்கு உணவு ஏற்றி வரும் வண்டிகளுக்கு இரயில் பாதையில் முதலிடம் தருக என்று சொல்லியனுப்பினான் என்பதையும் மறைத்தல் முறையன்று. அவன் சொன்னவற்றுள் நல்லனவும் இருந்தன. அரசியாரும் தம் பெண்கள் இருவரோடு செவிலியர் பயிற்சி பெற்று, அறுவை மேசையருகே நின்று, காயமுற்ற போர்வீரருக்குத் தம் கையாலேயே பணி செய்தார். அவருடைய அக்கையைக் கண்டிருந்தால் நாடு அவரைத் தாயென்று கொண்டாடியிருக்கும்.

1915-ஆம் ஆண்டு செப்டம்பரில், அமைச்சர் பலர் தடுத்தும் கேளாது, அரசர் தாமே படைத்தலைமை ஏற்று மொகிலேவ் பாசறைக்குச் சென்றார். தலைநகரில் ஆட்சி அரசியார் கைக்கு வந்தது. அவர் நாள்தோறும் கணவருக்கு எழுதிய ஆங்கிலக் கடிதங்கள் இன்றும் உள்ளன. அவற்றுள் ரஸ்புடீனைப் பெயரிட்டு அழையாது, நம் நண்பர் என்றே பெரும்பாலும் குறிக்கின்றார். நம் நண்பர் இன்னாரை அமைச்சராக்கச் சொல்கிறார், நம் நண்பர் இன்னாரை விலக்கச் சொல்கிறார், படை இவ்விடத்தில் முன்னேறலாகாது என்கிறார் என்று கடிதங்கள் செல்கின்றன. அமைச்சரைக் காணுமுன் நண்பர் கொடுத்த சீப்பினால் தலைவாரிக்கொள்க என்றும் ஒரு கடிதம் கூறுகின்றது. ஒரு பேரரசின் சக்கரவர்த்திக்கு! நகைப்பு வருகின்றது, அடுத்த கணம் நெஞ்சு கனக்கின்றது. பதினேழு திங்களில் பிரதம மந்திரிகள் நால்வரும் உள்நாட்டு அமைச்சர்கள் ஐவரும் மாறி மாறி வந்தனர். போர் அமைச்சர் மூவர். வெளிநாட்டு அமைச்சர் மூவர். எவர்க்கும் வேலையைக் கற்றுக்கொள்ளவும் காலமில்லை. களத்தில் துப்பாக்கியும் தோட்டாவும் இல்லாது வீரர் மடிந்தனர். நகரில் ரொட்டிக் கடை வாயிலில் பெண்கள் விடியுமுன் பனியில் நின்றனர்.

நாட்டில் பழிமொழி பெருகியது. நோய் மறைக்கப்பட்டதன் விளைவு இங்கேதான் வெளிப்பட்டது. சைபீரியக் குடியானவன் ஒருவன் அரண்மனை உள்ளறைக்குள் ஏன் செல்கின்றான் என்பதற்கு உண்மைக் காரணம் ஒரு பிள்ளையின் நோய். அதனை அறியாத மக்கள் தம் மனம் போனவாறு காரணம் கற்பித்துக்கொண்டனர். கேலிப் படங்களும் துண்டறிக்கைகளும் அரசியாரின் கற்பையே பழித்தன. அப்பழிக்கு ஆதாரம் எதனையும் வரலாற்றாசிரியர் கண்டிலர். ஜெர்மானியர்க்கு ஒற்றுவேலை செய்கின்றார் என்றனர். 1917-ல் அமைந்த விசாரணைக் குழு தேடியும் அதற்குச் சான்று கிடைக்கவில்லை. பொய்ப்பழிதான். ஆயினும் பொய்ப்பழி வளர்வதற்கு வேண்டிய இருளை அமைத்துக் கொடுத்தது யார்?

நம் புராணத்திலும் நோயுற்ற அரண்மனை ஒன்று உண்டு. பாண்டியன் நெடுமாறனுக்கு வெப்பு நோய் கண்டது. மங்கையர்க்கரசியார் திருஞானசம்பந்தப் பிள்ளையாரை வருவித்தார். அது கமுக்கமாக நிகழ்ந்ததன்று. அமைச்சர் குலச்சிறையார் உடனிருந்தார். மன்னன் முன்னிலையில் சமணர் உடலின் இடப்பாகத்தைத் தீர்க்க முற்பட, பிள்ளையார் திருநீற்றுப் பதிகம் ஓதி வலப்பாகத்தில் நீறு இட்டார். எது தணிந்தது, எது தணியவில்லை என்பதை மன்னனே தன் உடம்பில் உணர்ந்து அவையோர்க்குச் சொன்னான். நோய் தீர்த்த பிள்ளையார் பாண்டி நாட்டில் எவரை அமைச்சராக்குக, எவரை நீக்குக என்று சொன்னதாகச் சேக்கிழார் ஒரு சொல்லும் பாடவில்லை.

1916-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் இறுதியில் அரச குடும்பத்தோடு உறவுடைய யுசுப்போவ் என்னும் இளங்கோவும் அரசரின் சிற்றப்பன் மகன் திமித்ரியும் வேறு சிலரும் கூடி ரஸ்புடீனை விருந்துக்கு அழைத்துக் கொன்று ஆற்றுப் பனிக்கட்டியின் கீழே தள்ளினர். கொலை எதனையும் தீர்க்கவில்லை. இரண்டரைத் திங்களில், 1917 மார்ச்சு 15-ஆம் நாள், அரசர் முடி துறந்தார். ஒருவன் நட்பினால் மட்டும் ஒரு பேரரசு வீழ்ந்தது என்று கூறுதல் மிகை. போரும் பசியும் நிலமில்லாக் குடியானவரின் கொதிப்பும் பெருங் காரணங்கள். எனினும் வீழும் காலத்தில் தாங்கிப் பிடிக்க ஒரு கையும் நீளாமற் போனது அந்நட்பினால்தான்.

1918-ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் அரசரையும் அரசியாரையும் ஒரு மகளையும் தொபோல்ஸ்க் நகரிலிருந்து குதிரை வண்டியிற் சிறைக் காவலோடு கொண்டுசென்றனர். வழியில் குதிரை மாற்ற நின்ற ஊர் பொக்ரோவ்ஸ்கோயே. நின்ற இடம் ரஸ்புடீனின் வீட்டு வாயிலுக்கு எதிரே. அவன் குடும்பத்தார் பலகணி வழியே நோக்கினர். அதனை அரசியார் அன்றைய நாட்குறிப்பில் எழுதியிருக்கின்றார். மனக்கசப்பு அவ்வெழுத்தில் இல்லை. ஜூலை 17-ஆம் நாள் எக்கத்தரின்பர்க் நகர வீடொன்றின் நிலவறையில் கணவர், ஐந்து மக்கள், ஊழியர் நால்வர் ஆகியோருடன் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் அலாப்பயெவ்ஸ்க் என்னுமிடத்தில் தமக்கையார் எலிசபெத்தைச் சுரங்கக் குழியில் உயிரோடு தள்ளினர். அவர்தம் உடல் சீன நாட்டு வழியாக எருசலேம் சேர்ந்து, ஒலிவ மலைச் சாரலில் உள்ள மகதலேனா மரியாள் கோயிலில் இருக்கின்றது. பிற்காலத்து ருஷ்யத் திருச்சபை தமக்கையாரை 1992-லும், தங்கையாரையும் குடும்பத்தாரையும் 2000-லும் புனிதர் வரிசையிற் சேர்த்தது.

இனித் திருக்கோவலூருக்கு மீள்வோம்.

முத்தநாதன் பலமுறை போரில் தோற்றவன். மேனி முழுதும் நீறு பூசி, சடை முடித்து, சுவடிக் கட்டினுள் உடைவாளை மறைத்து வந்தான். வாயில்கள் யாவும் வேடத்தைக் கண்டு வழிவிட்டன. கடைசி வாயிலில் தத்தன் நின்றான். அரசர் துயில்கின்றார், காலம் அறிந்து செல்லுக என்றான். அடியார் வேடத்தை இகழ்ந்தானா? இல்லை. வாயிற் காவலன் கேட்க வேண்டியதைக் கேட்டான், அவ்வளவே. அவனை மீறி முத்தநாதன் உட்புகுந்தான். எங்கும் இல்லாத சிவாகமம் ஒன்றைக் கொணர்ந்தேன், தனியிடம் வேண்டும் என்றான். நாயனார் தேவியாரை அகற்றி, அவனை உயர்ந்த ஆசனத்தில் இருத்தித் தாம் தரையில் அமர்ந்து வணங்கினார். அவ்வேளையில் அவன் தான் நினைந்த செயலை முடித்தான்.

இங்கே நாயனார் கொடுத்தது எது? தம் உடம்பு, தமக்கே உரியது. முத்தநாதன் போரில் விரும்பியது சேதி நாடு. அதனை அவன் பெறவில்லை. நாட்டின் ஓர் ஊரையும், படையின் ஒரு வீரனையும், அவையில் ஓர் இருக்கையையும் நாயனார் அவ்வேடத்தின் காலடியில் வைக்கவில்லை. வணங்கிய தலை அவருடையது. வெட்டுண்ட மார்பும் அவருடையதே. அலெக்சாந்திரா அம்மையார் வணங்கியதில் தவறில்லை. வணக்கத்துக்குக் காணிக்கையாக அவர் வைத்தவை அவருடையவை அல்ல: அமைச்சர் பதவிகள், படையின் நகர்வு, பனியில் நின்ற பெண்களின் ரொட்டி.

இன்னும் ஒன்று. தத்தனுடைய மனம் உள்ளறையிலேயே இருந்தது என்கின்றது புராணம். வெளியே நிறுத்தப்பட்டும் அவன் ஐயம் நீங்கவில்லை. ஆகவேதான் கணத்தில் உட்புகுந்து வாளை ஓங்கினான். வீழ்கின்ற நாயனார் கையால் தடுத்து, இவர் நம்மவர் என்றார். ஐயுற்ற தத்தனை அவர் கடிந்தாரா? முன்னரே சொன்னாயே என்று அவன் இடித்துரைக்கவும் இல்லை. நீ ஏன் ஐயுற்றாய் என்று இவர் வெகுளவும் இல்லை. யாரும் இடையூறு செய்யாவண்ணம் இவரைக் கொண்டுபோய் விடு என்று, தம் வாழ்நாளின் மிகப் பெரிய கடமையை அந்த ஐயுற்றவனிடமே ஒப்படைத்தார். மெய்ப்பொருளார் அரண்மனையில் அடியார்க்கு நெடுங்கதவு திறந்திருந்தது. அதன் அருகே தத்தனும் நின்றான். இவ்விரண்டும் சேர்ந்தே அந்த அரண்மனை. ருஷ்ய அரண்மனையில் கதவு திறந்திருந்தது. தியோபானும் தியூச்செவாவும் ஜுன்கோவ்ஸ்கியும் உடன்பிறந்த எலிசபெத்தும் ஒருவர் பின் ஒருவராக வாயிலினின்று அகற்றப்பட்டனர். அவர்கள் யார்? எல்லாரும் தத்தர்களே. வள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடலை 45-ஆம் அதிகாரமாகவும் சிற்றினஞ்சேராமையை அதனையடுத்து 46-ஆம் அதிகாரமாகவும் வைத்த வரிசையை நோக்குக. முன்னது உள்ள இடத்தில்தான் பின்னது கைகூடும்.

ஆகவே வினவிய அன்பர்க்கு இதுவே நம் விடை: வேடத்தைக் கண்டால் வணங்குக. வணங்குதல் நம் தலையின் செயல். வாயிற் காவலைக் கலைக்கும்படி எந்த வேடமும் நம்மைக் கேட்கவில்லை. கேட்குமாயின் அது கேட்பது வணக்கத்தை அன்று.

தத்தன் முத்தநாதனை அழைத்துக்கொண்டு தெருவில் இறங்கினான். செய்தி பரவியது. ஊரார் திரண்டு சூழ்ந்தனர். அவனைக் கொன்றே தீர்வோம் என்று பொங்கினர். அரசன் ஆணை என்று தத்தன் கூறியதும் விலகி வழிவிட்டனர். ஊர் எல்லை கடந்து, நாட்டு மக்கள் எய்தாத வழியில் அவனை விட்டு, தத்தன் விரைந்து மீண்டான். அந்த ஒரு செய்திக்காகவே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார் நாயனார். இடையூறின்றிச் சென்றார் என்று கேட்டதும், நீ எனக்குச் செய்ததைச் செய்யவல்லார் யார் என்னும் கருத்தில் அவனை வாழ்த்தினார். பின்னர் அரசுக்குரியோரையும் சுற்றத்தாரையும் அழைத்து, திருநீற்று அன்பைக் காக்குமாறு நாட்டை அவர்கள்பால் ஒப்படைத்து, அம்பலவாணர் திருவடியை நினைந்தார். உள்ளறையில் பெருமான் எழுந்தருளிக் காட்சி தந்தபோது, குருதி தோய்ந்த தரையில் தத்தனும் நின்றிருந்தான்.

திருச்சிற்றம்பலம்.